அசேலியா பொன்சாய்: சாடி மாற்றுவது தையிலா, ஆனியிலா?

நுவரெலியாவிலிருந்து வரும் அசேலியா என்ற பூச்செடியின் கன்றை வாங்கி, பல்கனியில் வைத்துப் பொன்சாயாக உருவாக்குபவர்கள் கொழும்பில் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேருக்குள்ளும் இரண்டு கட்சி உண்டு. சாடி மாற்ற, அதாவது வேரை வெட்டிப் புது மண்ணில் நட, தை மாதம்தான் சரி என்பது ஒன்று. தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு, வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ செய்ய வேண்டும் என்பது மற்றது. நான் ஆனிக் கட்சி. ஆனால் தைக் கட்சியிடமும் நியாயம் இருக்கிறது.

அவர்களுடைய நியாயம் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே குளிர் விட்டு, மொட்டு அவிழத் தொடங்கும் முன் வேரை வெட்டுவார்கள். குளிருக்கு முன்பே மரம் சேமித்த மாவுச்சத்து உள்ளே இருக்கும். வெப்பநிலை மெல்ல மெல்ல ஏற, வெட்டுப்பட்ட வேர் அவசரமில்லாமல் துளிர்க்கும். கொழும்பில் மார்கழியும் தையும்தான் இரவில் கொஞ்சம் குளிர்கிற காலம், ஆகவே அதுவே நமது வசந்தத்தின் வாசல் என்று கணக்குப் போடுகிறார்கள்.

கணக்கு இடிப்பது அதற்கு அடுத்த படியில். இங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 பாகையை ஒட்டியே நிற்கிறது. மாதத்துக்கு மாதம் பெரிய வித்தியாசம் கிடையாது. மரம் ஒருபோதும் உறங்குவதில்லை, சேமித்து வைத்துக் காத்திருப்பதும் இல்லை. இரவு குளிர்கிறது என்றாலும் தையின் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று வறண்டிருக்கும், மழையும் குறைவு. வேர் பாதி போன மரத்துக்கு இலை வழியாகப் போகும் தண்ணீர்தான் முதல் எதிரி. அதையும் தாண்டி மரம் நிமிர்ந்து வரும்போது பங்குனி, சித்திரை வெக்கை வாசலில் நிற்கும். ஜப்பானில் வசந்தத்துக்குப் பிறகு வருவது இதமான வளர்ச்சிக் காலம். இங்கே தைக்குப் பிறகு வருவது அடுப்பு.

ஜப்பானியரிடமே இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. சட்சுக்கி என்ற ஜப்பானிய வகை அசேலியாக்கள் மே கடைசியிலும் ஜூனிலும் பூக்கும். பூத்த கையோடு பூக்களைக் கிள்ளி, சாடி மாற்றிவிடுவார்கள். கோடை நெருங்கும் நேரத்தில் வேரை வெட்டியும் மரம் பிழைக்கக் காரணம், ஜூனில் அங்கே தொடங்கும் மழைக்காலம். வாரக்கணக்கில் மூடின வானம், ஈரக்காற்று. இலை தண்ணீரை அதிகம் இழக்காமல் இருக்க, கீழே வேர் தன் வேலையைப் பார்க்கிறது.

நமது ஆனி மாதம் அச்சொட்டாக அதுதானே! மே கடைசியில் பருவமழை இறங்கியதும் வெயில் தணிகிறது, காற்று ஈரமாகிறது, மேகம் போவதும் வருவதுமாக இருக்கிறது. “மழைக்குள்ள வேரை வெட்டினா அழுகிப் போகுமே” என்று தைக் கட்சியார் கேட்பார்கள். அழுகும்தான், மரத்தைத் திறந்த மொட்டை மாடியில் விட்டால். சூட்டோடு சேர்ந்த ஈரத்தில் அசேலியா வேர் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் மழையை மறிக்க ஒரு தகரமோ பல்கனிக் கூரையின் ஓரமோ போதும். தை மாதத்து வறண்ட காற்றை எதை வைத்து மறிப்பது? நிழல்வலை வெயிலைக் குறைக்கும், காற்றை மாற்றாது. என் தீர்ப்பு இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

ஆனிக் கட்சிக்கும் ஒரு தலைவலி உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கம் கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் அந்த நேரம் அடிக்கும் காற்று உப்பும் வேகமும் கொண்டது. புதிதாக நட்ட மரம் ஆடினால் முளைக்கும் வேர்நுனிகள் அறுந்துவிடும். சாடியின் துளை வழியாகக் கம்பி விட்டு வேர்ப்பந்தை இறுக்கிக் கட்டுவது எங்கும் சொல்லப்படும் விதி. கடலோரத்தில் அதோடு மரத்தைக் கிழக்குப் பக்கச் சுவரோடு ஒதுக்கியும் வைக்க வேண்டும். மேற்குப் பல்கனி மட்டுமே உள்ளவர்களுக்குத் தை ஓரளவு பொருந்தும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பின்னேரத்து இடியும் கொட்டும் மழையுமான மாதங்கள் அவை. காலையில் சுடுவெயில், மாலையில் வெள்ளம். வேண்டாம்.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. பூத்து முடிந்ததும் மாற்று என்ற விதியை இங்கே நாட்காட்டியாக வைக்க முடியாது. அசேலியாவின் பூமொட்டு உருவான பிறகு சில வாரம் குளிர் பட்டால்தான் ஒரே சமயத்தில் அவிழும். கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது கிடைக்கிறது. கொழும்பில் இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று நினைத்த நேரம் பூக்கும். தண்டு பருக்கவும் கிளை அமையவும் வளர்க்கும் மரத்துக்குப் பூ வீண் செலவுதான். மொட்டைக் கண்ட இடத்தில் கிள்ளிவிடலாம். மனம் கேட்காவிட்டால் ஒன்றிரண்டை விடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

எந்த மாதம் என்பது தெரிந்தால் போதாது, எந்த வருடம் என்பதும் தெரிய வேண்டும். இந்த ஆனியிலா, அடுத்த ஆனியிலா? உருவாகும் மரத்தை அடிக்கடி கிளப்பினால் வளர்ச்சி தடைப்படும். தண்டு பருக்க வேண்டுமென்றால் வேரைச் சும்மா விடுவதே லாபம். அதனால் பொறுத்திருப்பதும் ஒரு நல்ல தெரிவுதான், மண் ஒத்துழைக்கும் வரை.

இங்கே சிக்கல் மண்தான். குளிர் நாட்டில் பெரும்பாலும் வேர் சாடியை நிறைத்த பிறகுதான் மண் கெடும். நமது சூட்டில் இலைமக்கும் எருவும் கலந்த மலைநாட்டுப் பை மண், வேர் நிறையும் முன்பே சேறாகிவிடுகிறது. வேர் நெருக்கத்தை மட்டும் பார்த்துக் காத்திருந்தால் ஏமாந்துபோவோம்.

தண்ணீரை வைத்துச் சோதிப்பதுதான் சுலபம். காலையில் பூவாளியால் மெதுவாக ஊற்றி, மேல்மண்ணையே பாருங்கள். உடனே உள்ளே இழுத்து அடியால் ஒழுகினால் இன்னும் ஒரு வருடம் விடலாம். மேலே குளம் கட்டி, ஓரத்தில் குமிழி விட்டு, நின்று நின்று இறங்கினால் மண் முடிந்துவிட்டது. மூன்றாவது நிலை ஒன்றுண்டு, அதுதான் ஆளை ஏமாற்றும்: தண்ணீர் படபடவென்று இறங்கும், ஆனால் சாடியின் சுவரோரமாக மட்டும். நடுவே ஒரு மூங்கில் குச்சியைச் செருகி எடுத்தால் காய்ந்து வரும். முடி போன்ற அசேலியா வேர்கள் பின்னிக் கம்பளமாகி, ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் பிறகு தண்ணீரை உள்ளே விடுவதில்லை.

வேரைத் தொடாமல் அப்படியே பெரிய சாடிக்குள் இறக்குவதைப் பலர் பாதுகாப்பான நடுவழி என நினைக்கிறார்கள். இந்த மூன்றாவது நிலையில் அதுதான் மிக மோசம். புது மண் வழியே தண்ணீர் ஓடிவிடும், பழைய பந்து உள்ளே வறண்டே கிடக்கும். அதைவிடப் பாதிப் பாதியாகச் செய்வது எவ்வளவோ மேல். மேலிருந்து பார்த்து வேர்ப்பந்தை நடுவே பிரித்து, ஒரு பக்கத்துப் பழைய மண்ணைத் தண்டடி வரை குச்சியால் முழுதாகக் களைந்து புது மண் இடுங்கள். மறுபக்கத்தைத் தொட வேண்டாம், அதை அடுத்த முறை பார்க்கலாம். இரண்டு ஆனிகள் செலவாகும், மரம் பிழைக்கும். அந்தப் பருவத்தில் கிளைகளைக் கடுமையாக வெட்டவும் வேண்டாம். அசேலியா பழைய தண்டிலும் நன்றாகத் துளிர்க்கும், அந்த வேலை எங்கும் ஓடிப் போகாது.

மண்ணுக்கு ஜப்பானியர் கனுமா என்ற அமிலத்தன்மையுள்ள எரிமலை மண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அது கிடைக்காவிட்டால், பல தண்ணீரில் அலசி உப்பெடுத்த தும்புச்சோறும், பைன் பட்டைத் துண்டும், சலித்த செங்கல் சல்லியும் போதும். இடித்த சுவரின் செங்கல் என்றால் ஒட்டியிருக்கும் சீமெந்தைப் பாருங்கள். அந்தச் சுண்ணாம்பு அசேலியாவுக்கு ஆகாது, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கடல்மணலும் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்களுக்கு இந்தச் சுண்ணாம்புத் தொல்லை மண் மாற்றினாலும் தீராது. கொழும்புக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

மலையிலிருந்து புதிதாக இறங்கிய கன்றை வந்த சூட்டோடு மாற்ற வேண்டாம். ஒரு பருவமாவது இந்த வெக்கைக்குப் பழகட்டும். மாற்றிய மரத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் உரம் கிடையாது, நிழல் மட்டும்.

தையா, ஆனியா என்ற வாதமே எடுபடாத இடம் ஒன்று இருக்கிறது. சாடியைக் கவிழ்த்துப் பார்க்கும்போது வேர் கறுத்து, வழவழத்து, சாக்கடை மணம் அடித்தால் சித்திரை நடு மத்தியானமானாலும் அன்றைக்கே கழுவி, அழுகியதை வெட்டி, சின்னச் சாடிக்கு மாற்றிவிடுங்கள்.