பரோசாவா, ரோனா, நாசிக்கா? மூன்று ஷிராஸ், ஒரு பணிக்கம்

புதுச்சேரியில் நண்பன் வீட்டுப் பரணில் கிடந்த பித்தளைப் பணிக்கத்தை இறக்கி, புளி போட்டுத் துலக்கி வைத்தது அவனுடைய அத்தை. அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ் ஒயின், பின்னால் ஒரு வாய் வெற்றிலை என்று வாழ்ந்தவர். வெற்றிலைக்காக வாங்கிய பணிக்கம் இப்போது ஒயினுக்கு வந்துவிட்டது. மூன்று ஷிராஸ் ரெட் ஒயின் பாட்டில்களை ஒரே சாயங்காலத்தில் ஒப்பிட வேண்டுமென்றால் துப்பித்தான் ஆக வேண்டும். விழுங்கிக்கொண்டே போனால் இரண்டாவது கிளாசுக்கு மேல் நாக்கு சொல்லும் எதையும் நம்ப முடியாது. அதோடு, நான் ராத்திரி பஸ் பிடித்துக் கடலூர் திரும்ப வேண்டியவன்.

முதல் பாட்டில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. மெல்போர்னில் இருக்கும் என் மாமா பையன் கொடுத்தது. சின்னத் தோட்டக்காரர் ஒருவருடையது, பெயரைச் சொன்னாலும் இங்கே கிடைக்காது. இரண்டாவது பிரான்சின் வடக்கு ரோன் பகுதி, சேன் ஜோசப். ஷப்பூத்தியே நிறுவனத்தின் ‘லெ கிரானித்’. நண்பனின் சித்தப்பா பாரீசிலிருந்து லீவில் வரும்போது லுங்கியில் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். மூன்றாவது நம் நாசிக். சூலாவின் டிண்டோரி ரிசர்வ் ஷிராஸ், மிஷன் வீதிப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது.

மூன்றும் ஒரே திராட்சைதான். பிரான்சில் சிரா என்பார்கள், ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். பெயரைப் பார்த்து, பாரசீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த கொடி என்று ரொம்ப நாள் கதை ஓடியது. 1990களின் இறுதியில் மரபணுச் சோதனை அந்தக் கதையை முடித்துவைத்தது. தாய் தகப்பன் இரண்டுமே தென்கிழக்கு பிரான்சின் பழைய கொடிகள்: துரேசா, மோந்தேஸ் பிளான்ஷ். 1832இல் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடித் துண்டுகளில் இதுவும் இருந்தது.

முதல் இரண்டு பாட்டிலும் ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்தவை. ‘ஒரே தோட்டம்’ என்று லேபிளில் போட்டால் என்ன பெருமை? பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கத் தெரிந்தவர்கள் எந்தத் தோப்பு என்று கேட்பார்கள், இன்னும் தெரிந்தவர்கள் எந்த மரம் என்று கேட்பார்கள். அதே கதைதான் இதுவும். பல தோட்டத்துப் பழங்களைக் கலப்பவருக்கு ஒரு இடத்தில் மழை கெடுத்தால் இன்னொரு இடத்தை வைத்துச் சரிக்கட்டலாம். ஒரே தோட்டத்துக்காரருக்கு அந்த வசதி இல்லை. அந்த வருஷம் அந்த மண் என்ன கொடுத்ததோ அதுதான் பாட்டிலில். இதனால் ஒரே தோட்டம் என்றாலே உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஷிராஸ் ஆன பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் பல தோட்டங்களின் கலவை. அதற்குச் சமமாக வைத்துப் பேசப்படும் ஹென்ஷ்கியின் ஹில் ஆஃப் கிரேஸ் ஒரே ஒரு தோட்டம், அதில் 1860களில் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன. இரண்டுக்கும் சொத்தை எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. நம் நாசிக் பாட்டிலைக் கறாராகப் பார்த்தால் இந்தக் கணக்கில் வராமல் போகலாம். டிண்டோரி என்பது ஒரு தாலுகாவின் பெயர். ஆனாலும் நம் ஊரில் எழுந்து கடைக்குப் போனால் கையில் கிடைப்பது அதுதானே, அதனால் சேர்த்துக்கொண்டோம்.

பாட்டில்களைத் தினத்தந்தியில் சுற்றி 1, 2, 3 என்று அத்தையே எழுதிவைத்தார். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சுற்றுவதற்கு முன் சித்தப்பா என் விரலைப் பிடித்து பிரெஞ்சு லேபிளின் மேல் வைத்தார். சின்னச் சின்னப் புள்ளிகள் தட்டுப்பட்டன. பிரெயில். 1996 முதல் ஷப்பூத்தியே லேபிள்களில் அது இருக்கிறது. எர்மிதாஜ் குன்றில் அவர்களுடைய நிலம் ஒன்றின் பழைய சொந்தக்காரர் பார்வையிழந்தவர், பிரெஞ்சுப் பிரெயிலில் சுருக்கெழுத்து முறையை உருவாக்கியவர். அவர் நினைவாகத்தான்.

ருசிக்குப் போகுமுன் சூடு. புதுச்சேரியில் இதைப் பேசாமல் ரெட் ஒயினைப் பேசுவது வீண். ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்று எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்கள். யாருடைய அறை? பழைய பிரெஞ்சு வீட்டின் அறை, 17 டிகிரி. எங்கள் மொட்டைமாடியில் பங்குனி மாதம் ஆறரை மணிக்கு 31. வேண்டுமென்றே முதல் சுற்றை அந்தச் சூட்டிலேயே ஊற்றினோம். ஒன்றாம் நம்பர் மூக்குக்கு வருவதற்கு முன்பே சாராய நெடி வந்தது. மூன்றாம் நம்பர் ஆறிப்போன ஜாம் மாதிரி. இரண்டாம் நம்பர் மட்டும் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றியது. அப்புறம் மூன்றையும் ஃபிரிட்ஜில் வைத்து, நண்பன் கேக் செய்ய வைத்திருக்கும் தெர்மாமீட்டரைக் கிளாசில் விட்டு, 17 வந்ததும் மறுபடி ஊற்றினோம். அதே பாட்டில்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழம் முன்னால் வந்தது, சாராயம் பின்னால் போய் உட்கார்ந்தது. ரொம்பக் குளிரவைத்தாலும் தப்பு, 12க்குக் கீழே போனால் துவர்ப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கும் பாட்டிலைவிட ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் என்பது பெரிய வித்தியாசம் என்பது என் கட்சி.

சூடு பற்றி இன்னொன்று. போன வருஷம் சித்திரையில் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய பாட்டிலின் கார்க், கழுத்துக்கு மேல் அரை விரற்கடை துருத்திக்கொண்டிருந்தது. வெயில் விழும் ஷோகேசில் நின்ற பாட்டில் அது. நான் அதைக் கவனிக்கவில்லை. வீட்டில் திறந்தால் வெந்த உலர்திராட்சை வாசம். அதிலிருந்து கடைக்காரரிடம் லேபிளைக் கேட்பதற்கு முன் பாட்டில் எங்கே நின்றது என்றுதான் பார்க்கிறேன்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரோசா நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம், ரோன் கொஞ்சம் வெளிர், நாசிக் இரண்டுக்கும் நடுவே.

வாசனையில்தான் விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பிளாக்பெரி, பிளம் என்று எழுதிக்கொண்டே போவார்கள். கடலூர்க்காரன் நான் எங்கே பிளாக்பெரி தின்றேன்? எனக்குத் தெரிந்தது நாவல். ஷிராசுக்கு அதைவிடப் பொருத்தமான பழம் இல்லை என்றே சொல்வேன்: கறுப்பு, இனிப்பு, புளிப்பு, கடைசியில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒன்றாம் நம்பரில் அந்த நாவல் கனிந்து கீழே விழுந்த பழமாக இருந்தது. அதன் மேல் கொப்பரை வாசம். அமெரிக்க ஓக் பீப்பாய் தரும் வாசம் அது, பரோசாவில் அந்தப் பீப்பாய்க்குப் பழைய மரியாதை உண்டு. கூடவே லேசாகத் தைல மர வாசம். அதற்குக் காரணம் பீப்பாய் இல்லை, தோட்டத்து ஓரத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள். அதன் எண்ணெய் காற்றோடு வந்து பழத்தோலில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நம்பரில் நாவலோடு கிராம்பும், காம்பைக் கிள்ளியது போல ஒரு பச்சை வாசமும். இரண்டாம் நம்பரில் பழம் பின்வரிசையில் இருந்தது. முன்னால் வந்தது புகை, அப்புறம் உப்பு நார்த்தங்காய் ஜாடியைத் திறந்தது போல ஒரு நெடி.

அத்தை குடிக்க மாட்டார். ஆனால் மூக்கைக் கடன் கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாம் நம்பர் கிளாசை வாங்கி ஒரு முறை முகர்ந்தார். “என்ன தம்பி, அம்மியில மிளகு தட்டுன மாதிரி அடிக்குது? ஒங்களுக்கு வரல?”

எனக்கு வரவில்லை. சுழற்றிப் பார்த்தேன், கையால் மூடித் திறந்து பார்த்தேன். புகை வந்தது, நார்த்தங்காய் வந்தது, மிளகு மட்டும் இல்லை. நண்பனுக்கும் சித்தப்பாவுக்கும் வந்தது.

இதற்கு விளக்கம் இருக்கிறது, எனக்குத்தான் சங்கடம். ஷிராசின் மிளகு வாசத்துக்குக் காரணம் ரொட்டன்டோன் என்ற சேர்மம். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நம் அஞ்சறைப் பெட்டி மிளகில் இருப்பதும் அதேதான். ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அதைப் போலப் பல மடங்கு இருந்தாலும் தெரியாது. அந்த ஐந்தாவது ஆள் நான்தான் போலிருக்கிறது. குளிர்ச்சியான இடத்தில் மெல்லப் பழுக்கும் திராட்சையில் இது அதிகம், வெயிலில் காய்ந்த திராட்சையில் குறைவு. அதனால்தான் ரோனில் தூக்கலாகவும் பரோசாவில் அடங்கியும் இருக்கிறது. ஆகவே இந்த அலசலில் மிளகு விஷயத்தில் மட்டும் அத்தை சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

துவர்ப்பில் நான் தேர்ந்த ஆள். அறுசுவையில் அதற்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பது எவ்வளவு வசதி! பரோசாவின் துவர்ப்பு பழுத்த நாவல், நாக்கின் மேல் வெல்வெட் மாதிரி ஊர்ந்து போய்விடும். நாசிக் மாதுளைத் தோல் பக்கம், கொஞ்சம் முரடு. சேன் ஜோசப் கொட்டைப்பாக்கு. முதலில் ஈறைப் பிடிக்கும், பிறகு மெதுவாக விடும், விட்ட பிறகு எச்சில் ஊறும். அந்த ஊறல் அரை நிமிஷத்துக்கு மேல் நின்றது. ஒரே தோட்டத்துக்குக் கூடுதல் காசு எதற்கு என்று கேட்டால் அந்த அரை நிமிஷத்தைத்தான் காட்டுவேன். இந்த இளசான துவர்ப்புக்கு ஆற்றிக் குடிப்பதும் உதவும். டபரா செட் காபியை ஆற்றுகிறோமே, அதேதான். ஒரு கண்ணாடி ஜக்கில் ஊற்றி அரை மணி வைத்தால் போதும்.

சரி, தாளைப் பிரிக்கும் முன் ஊகங்கள். எனக்கு ஒன்றாம் நம்பர் பரோசா என்பது சுலபமாகப் பிடிபட்டது. ஆனால் நாசிக்கைப் பிரெஞ்சு என்றும் பிரெஞ்சை நாசிக் என்றும் எழுதியிருந்தேன். புளிப்பை வைத்து ஏமாந்தேன். சித்தப்பா அரை மணி நேரம் என்னைப் பார்த்துச் சிரித்தார். ருசிக்கான ஓட்டில் நண்பனும் நானும் பரோசாவுக்குப் போட்டோம், சித்தப்பா தன் பெட்டிக்கு விசுவாசமாக இல்லாமலேயே இரண்டாம் நம்பருக்குப் போட்டார். அதாவது வெறும் வாயில் குடித்தால் பரோசாதான். யாரையும் மடக்கிவிடும்.

சாப்பாடு வந்ததும் கணக்கு தலைகீழ். அத்தை செய்த ஆட்டுக்கறி மிளகு வறுவல் நல்ல காரம். பரோசாவில் சாராயம் 15 சதவீதம். காரத்தின் மேல் அதை ஊற்றினால் எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட மாதிரி. 13 சதவீதத்தில் நிற்கும் சேன் ஜோசப் அதே கறியின் கொழுப்பைத் துடைத்து எடுத்து அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக்கியது. நாசிக்கை இன்னும் இரண்டு டிகிரி குளிரவைத்தால் அதுவும் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்தது. வடகம் தாளித்த கத்தரிக்காயோடு நாசிக்தான் முதல் இடம். அந்த வடகத்தையே பிரான்சில் ‘வடுவான்’ என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னபோது அத்தை நம்பவே இல்லை. பரோசாவுக்குப் பொருந்தியது வறுத்த பண்ருட்டி முந்திரியும் ஆரோவில் சீசும்தான். நான் கடலூரிலிருந்து பெருமையாகக் கொண்டுபோன சுறாப்புட்டு மூன்றோடும் தோற்றது, வாயில் துருப்பிடித்த ஆணியைக் கடித்த ருசி. ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீனோடு சேர்ந்து செய்யும் வேலை என்று ஜப்பானில் கண்டறிந்திருக்கிறார்கள். சுறாவை மோர்க்குழம்போடு சாப்பிட்டுக்கொள்ளலாம், விடுங்கள்.

காசு. 2022 டிசம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவோடு வந்த ஒப்பந்தத்தில், 15 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 75ஆகக் குறைந்தது. பத்து வருஷத்தில் 25 ஆக வேண்டும். ஆகவே நல்ல பரோசா மெல்ல மெல்லக் கைக்கு எட்டும். பிரெஞ்சு பாட்டிலுக்கு உறவுக்காரர் பெட்டிதான் இப்போதைக்கு வழி. என் கைக்காசைப் போட்டு மாதம் ஒன்று என்றால் நாசிக், வருஷத்துக்கு ஒன்று என்றால் சேன் ஜோசப். பரோசாவை யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். காரம் சாப்பிடுகிற வீட்டில் அதற்கு வேலை குறைவு.

மூன்றிலும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. புதுச்சேரிச் சரக்கைச் சோதிக்கும் ஆல்பேட்டை செக்போஸ்டைத் தாண்டிப் பையில் எடுத்துப் போகிற துணிச்சல் எனக்கு இல்லை. மூடி போட்டு நண்பன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் போன் செய்தான். பரோசா சர்பத் மாதிரித் தட்டையாகிவிட்டதாம். சேன் ஜோசப் முதல் நாளைவிட நன்றாக இருந்ததாம், பழம் அப்போதுதான் வெளியே வந்ததாம்.

“நாசிக்?”

“அதக் கேக்காத. நேத்து அத்தை கறிக்கு ஊத்திட்டாங்க. கறி பிரமாதம்.”