மேல எழுதியிருப்பது 487, உள்ளே இருப்பது வேறு: சேலத்தில் ஆர்எஸ்-485 சிப் வாங்கி ஏமாந்த கதை

சேலத்தில் சின்ன அளவில் கன்ட்ரோல் போர்டு செய்து பிழைக்கிறவன் நான். அம்மாபேட்டைப் பக்கம் ஒரு தறிப்பட்டறைக்கு 48 தறிகளிலும் கவுன்டர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஜோடி வயரில் கோர்த்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கணக்கு கொண்டுவரும் வேலை போன சித்திரையில் கிடைத்தது. இப்படிப் பல போர்டுகளை ஒரே ஜோடி வயரில் பேசவைக்கும் முறைக்குப் பெயர் ஆர்எஸ்-485; ஒவ்வொரு போர்டிலும் அதற்கென ஒரு சிப் இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கம்ப்யூட்டர் கேட்கும், தறி பதில் சொல்லும்.

ஒவ்வொரு சிப்பும் லைனிலிருந்து கொஞ்சம் மின்சாரம் இழுக்கும், அதுதான் லோடு. இந்த லைனின் விதிப்படி முழு லோடு எடுக்கும் சிப் என்றால் 32 தான் தாங்கும். என்னிடம் ஆபீஸ் பக்கத்து போர்டையும் சேர்த்து 49. அதனால்தான் சாதாரண 485 சிப்பை விட்டுவிட்டு மேக்ஸிம் கம்பெனியின் மேக்ஸ்487 தேர்ந்தெடுத்தேன். அது கால் பங்கு லோடுதான் எடுக்கும், 128 வரை கோர்க்கலாம். வேகம் நொடிக்கு 250 கிலோபிட்டோடு சரி, ஆனால் நொடிக்கு 9600 பிட்டில் ஓட்டுகிற எனக்கு அதுவே ஏராளம். சிக்னல் விளிம்பும் மெதுவாக ஏறி இறங்குவதால் பக்கத்து வயர்களுக்கு இரைச்சல் குறைவு. தேர்வில் தப்பில்லை. வாங்கிய இடத்தில்தான் தப்பு.

பெரிய விநியோகஸ்தர் சொன்ன விலையில் கால்வாசிகூட இல்லாத விலைக்கு ஊரிலேயே ஒரு கடையில் கிடைத்தது. பெயர் சொல்லவில்லை. 60 வாங்கினேன். எழுத்து கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டதற்கு, "கம்பெனி கைமாறிடுச்சுங்கண்ணா, பிரின்ட் மாறித்தான் வரும்" என்றார் கடைக்காரர். மேக்ஸிமை 2021-ல் அனலாக் டிவைசஸ் வாங்கியது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

வீட்டு டேபிளில் ஆறு போர்டைக் கோர்த்துப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. சிக்னல் எதிரொலிக்காமல் இருக்க லைனின் இரண்டு முனையிலும் போட வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டரை டேபிளில் போடாமல் சோதித்தேன். அந்தச் சோம்பேறித்தனம் என்னுடையது, மறைக்க விரும்பவில்லை.

பட்டறையில் மாட்டி இரண்டாவது நாளே போன் வந்தது. "தம்பி, பத்துப் பன்னெண்டு தறிக்கு கணக்கே வரலை. ஓட்டினவங்க கூலிக்குச் சண்டைக்கு வர்றாங்க." போய்ப் பார்த்தால் காலையில் எல்லாம் ஒழுங்கு. மதியம் கூடம் கொதிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், அதுவும் ஒரே தறி இல்லை, மாறி மாறி. மூன்று நாள் புரோகிராமில் தப்பு தேடினேன். கேபிள் மாற்றினேன். கடைசியில் ஒரு போர்டைக் கழற்றும்போது 78எல்05 மேல் விரல் பட்டுச் சுட்டுவிட்டது. மிளகு சைஸ் ரெகுலேட்டர், 100 மில்லி ஆம்ப்தான் அதன் எல்லை. அது ஏன் இப்படிக் கொதிக்க வேண்டும்?

சிப்பின் சப்ளை வயரைப் பிரித்து மீட்டர் வைத்தேன். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் 28 மில்லி ஆம்ப். நிஜ மேக்ஸ்487 அரை மில்லி ஆம்புக்குமேல் போகாது. அந்தப் பசி இதே வேலையைச் செய்யும் பழைய தொழில்நுட்ப (பைபோலார்) 75176 சிப் வகைக்குத்தான் உண்டு. அதன் எழுத்தைத்தான் தேய்த்துவிட்டு 487 என்று அச்சடித்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. பதில் அனுப்பும் நொடியில் சிப்பே 40 மில்லி ஆம்புக்குமேல் தின்னும், 120 ஓம் இரண்டுக்கும் இன்னொரு 40 போகும், மைக்ரோகன்ட்ரோலருக்கு வேறு. 12 வோல்ட்டிலிருந்து இறக்கும் அந்தக் குட்டி ரெகுலேட்டர் மூச்சுமுட்டி வோல்டேஜை விட்டுவிடுகிறது. தறி பேச வாயைத் திறக்கும்போதே போர்டு ரீசெட்! டேபிளில் ரெசிஸ்டர் இல்லாததால் அந்த 40 தெரியவே இல்லை.

லோடு சோதனை இன்னும் எளிது. சிப்புக்கு 5 வோல்ட் கொடுத்து, லைனில் பேசும் பகுதியான டிரைவரை அணைத்து (டிஇ என்ற காலை கிரவுண்டில் கட்டி), லைன் வயர் சேரும் ஏ காலில் 12 வோல்ட் வைத்து நடுவில் மீட்டர் போடுங்கள். கால் லோடு சிப் என்றால் 0.25 மில்லி ஆம்புக்குள் நிற்க வேண்டும். என்னுடையவை 0.8 காட்டின. அதாவது என் 49 போர்டும் சேர்ந்து விதியின் 32-ஐ எப்போதோ தாண்டியிருந்தன. பஞ்சில் அசிட்டோன் நனைத்து மேலே தேய்த்தபோது பஞ்சும் கருப்பானது, எழுத்தும் போனது. லேசரில் செதுக்கிய எழுத்து அப்படிப் போகாது.

கடைக்குப் போனேன். "மழைச் சீசனுங்கண்ணா, ஏற்காட்டு மேல இடி இடிச்சுக்கிட்டே இருக்கு. லைன்ல இறங்கியிருக்கும்." பிரித்தே பார்க்காத 11 சிப்பை எடுத்து வைத்தேன். இதிலும் இடி இறங்கியதா என்று கேட்டேன். ஐசிக்கு ரிட்டர்ன் கிடையாது என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். பில்லை எடுத்துப் பார்த்தால் "8 கால் ஐசி – 60" என்று மட்டும்தான் இருக்கிறது. பார்ட் நம்பரே இல்லை. அதை வைத்து யாரிடம் போய் என்ன நிரூபிப்பது?

சேலத்தில் நேர்மையான கடைகளும் உண்டு, அவர்களிடம்தான் இப்போதும் ரெசிஸ்டர், கனெக்டர் வாங்குகிறேன். இந்த மாதிரி சிப் மட்டும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம். பார்ட் நம்பர் முழுதாக எழுதாத பில்லை வாங்குவதில்லை. வந்த பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து மேலே சொன்ன இரண்டு அளவும் பார்த்த பிறகுதான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குகிறேன்.

பட்டறைக்கு 49 போர்டிலும் அசல் 487 மாற்றிக் கொடுத்தேன், என் காசில். இரண்டு ராத்திரி வேலை. கணக்கு வராத நாட்களுக்கு தறி ஓட்டியவர்கள் சொன்ன துணி மீட்டர் கணக்கையே ஒப்புக்கொண்டு கூலி கொடுத்துவிட்டார் முதலாளி. என் பில்லில் அதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார். நான் மறுபேச்சு பேசவில்லை.