ஒன்பது நாள் ஐசியு: ஒரு தையல்காரரின் கணக்கு

காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சேலத்துக்கு மாங்காய் ஏற்றிப் போன டெம்போ தொப்பூர் கணவாயில் கவிழ்ந்ததில் என் தம்பிக்குத் தலையில் பலத்த அடி. வயது 34. 108 வண்டி வந்து தூக்கியது. பிறகு தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றினோம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரை எழுதவில்லை.

வைத்தியத்துக்கு ஐந்துக்கு ஐந்து. வாய் திறந்து விவரம் சொல்வதற்கு இரண்டு கொடுத்தால் அதிகம்.

ஏழாம் நாள் காலையில் வென்டிலேட்டரின் உதவியைக் குறைத்து, அரை மணி நேரம் தானாக மூச்சுவிட வைத்துப் பார்த்தார்கள். நன்றாகவே விட்டான். மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்டிருந்த டியூபை மாலைக்குள் எடுத்துவிடுவார்கள் என்று அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எடுக்கவில்லை. "இன்னும் பார்க்கலாம்" என்ற ஒற்றை வரிதான் பதில். நாள் வாடகையை ஏற்றத்தான் இழுக்கிறார்கள் என்று வரவேற்பறையில் சத்தம் போட்டேன்.

அதற்குப் பிறகே டாக்டர் என்னைக் கட்டிலருகே அழைத்துப் போனார். மூளையில் அடிபட்டவருக்கு மூச்சு மட்டும் போதாதாம். ஊறும் எச்சிலை விழுங்க வேண்டும், சளியை இருமித் தள்ள வேண்டும். இல்லையென்றால் எடுத்த டியூபை மறுபடி போட நேரும். 18 நாடுகளில் 1,512 பேரைக் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு டியூபை எடுத்தது பலிக்கவில்லையாம். 2017-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் நான்கு அடையாளங்களைச் சொன்னார்களாம்: வயது 40-க்குள், கண் பொருளைத் தொடர்வது, விழுங்க முயல்வது, நினைவைக் கணிக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 10-க்கு மேல். இந்த நான்கில் குறைந்தது மூன்று இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தேறினார்களாம்.

"உங்கள் தம்பியிடம் இன்றைக்கு வயது ஒன்றுதான் இருக்கிறது" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன்?

ஒன்பதாம் நாள் சிஸ்டர், "அண்ணா, சட்டைப்பையில் என்ன மஞ்சளாக?" என்று கேட்டு என் அளவு நாடாவை வாங்கினார். தம்பியின் முகத்துக்கு மேலே அதை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினார். கண்கள் கூடவே போயின, திரும்பியும் வந்தன. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. சளி எடுக்கக் குழாய் விட்டதும் முகம் சிவக்க இருமினான். பதினொரு மணிக்கு டியூபை எடுத்தார்கள். மறுபடி போடவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றுகிறது. போர்வையும் கொசுவர்த்தியும் கொண்டு போங்கள். கேன்டீன் தக்காளி சாதம் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து பில்லை வரி வரியாகப் படித்தேன். சளி உறிஞ்சும் குழாய்கள் ஏழாம் நாள் 52, எட்டாம் நாள் 33, ஒன்பதாம் நாள் காலை வரை 7. சளி குறைந்தது எண்ணிக்கையிலேயே தெரிகிறது. நான் சண்டை போட்ட அன்றே அந்த 52-ஐ ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால் போதும். கணக்கு எனக்குப் புரியும்.