இரண்டு பணியிடங்கள், மூன்று வழிகள்: நடுநிலை வகுப்புகளுக்கு எது பயன்தரும்?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 300 மாணவர்கள் படிக்கும் ஓர் அரசுப் பள்ளிக்குக் கூடுதலாக இரண்டு பணியிடங்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாட ஆசிரியர்களை நியமித்து வகுப்பின் அளவைக் குறைக்கலாம்; வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணையாக உதவியாளர்களை அமர்த்தலாம்; அல்லது ஒரு மாணவர் ஆலோசகரையும், பின்தங்கியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும் ஓர் ஆசிரியரையும் வைக்கலாம்.

முதல் வழிக்கே ஆதரவு அதிகம். அதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ‘ஸ்டார்’ ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு, அதே அளவில் முழுநேர உதவியாளர் உள்ள வகுப்பு என மூன்று வகைகளுக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் குலுக்கல் முறையில் பிரித்தனுப்பப்பட்டனர். சிறிய வகுப்பில் படித்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினர். ஆனால் அந்த ஆய்வு மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலானது. அங்கே வகுப்பின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது.

நம் பள்ளியில் அப்படிக் குறையுமா என்பதைக் கால அட்டவணையை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். 30 பேர் வீதம் பத்துப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் 30 பாடவேளை. ஆக மொத்தம் 300. ஓர் ஆசிரியர் வாரத்துக்கு 25 பாடவேளை எடுத்தால் 12 பேர் தேவை. (ஆசிரியர்-மாணவர் விகிதம் 1:25 என்று அறிக்கையில் இருக்கும், வகுப்புக்குள் நுழைந்தால் 30 தலைகள் தெரியும், இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு நடக்கும் வாதங்கள் ஏராளம்.) புதிதாக வரும் இருவரால் கிடைப்பது 50 பாடவேளை, அதை வைத்து ஒரே ஒரு பிரிவைத்தான் கூடுதலாகத் திறக்க முடியும். வகுப்புக்கு 30 என்பது 27 ஆகும், அதுவும் காலியாக ஓர் அறை இருந்தால். மூன்று பேர் குறைந்ததை ஆசிரியர் நோட்டுத் திருத்தும்போது உணர்வார். பின் பெஞ்சு மாணவர் உணர்வாரா என்பது ஐயமே. தகுதியான ஆசிரியர்கள் கிடைக்கிறார்களா என்ற கேள்வியும் உண்டு. கலிபோர்னியாவில் 1996-இல் தொடக்க வகுப்புகளை மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் 20 பேராகக் குறைக்க முற்பட்டபோது, முழுத் தகுதி பெறாத பலரைப் பணியமர்த்த நேர்ந்தது. அவர்களில் மிகுதியானோர் சென்று சேர்ந்தது ஏழை மாணவர்கள் பயிலும் பள்ளிகளில்.

இரண்டாம் வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உதவியாளர் இருந்த வகுப்புகள் வழக்கமான வகுப்புகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறவில்லை என்பதும் ஸ்டார் ஆய்வின் முடிவே. 2009-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று, உதவியாளரின் துணையை மிகுதியாகப் பெற்ற மாணவர்கள், அவர்களை ஒத்த பிற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியதாகக் காட்டியது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பின்னக் கணக்கில் திணறும் மாணவியின் அருகில் உதவியாளர் அமர்கிறார். மணி அடிப்பதற்குள் பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் விடையின் பாதியை அவரே சொல்லிவிடுகிறார். நோட்டு நிறைந்துவிடுகிறது, ஆசிரியரும் அந்தப் பக்கம் வருவதில்லை. யாருடைய உதவி மிகவும் தேவையோ அவரிடமிருந்தே அந்த மாணவி விலக்கப்படுகிறாள். பயிற்சியும், ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிட நேரமும் கொடுத்தால் உதவியாளரால் நிச்சயம் பலன் உண்டு. அவை இரண்டும் இல்லாமல் ஆளை மட்டும் நியமிப்பதே பெரும்பாலும் நடக்கிறது.

என் சாய்வு மூன்றாம் வழியின் பக்கம். சிறு குழு ஆசிரியரின் 25 பாடவேளைகளை, குழுவுக்கு வாரம் மூன்று வீதம் பகிர்ந்தால் எட்டுக் குழுக்கள்; குழுவுக்கு நால்வர் என்றால் 32 மாணவர்கள். முதல் வழி 300 பேருக்கும் கடுகளவு தருவதை, இது பத்தில் ஒருவருக்குக் கைநிறையத் தருகிறது. மற்ற 268 பேருக்கு இந்த ஆசிரியரால் நேரடியாக எதுவும் கிடைக்காது என்பது உண்மை, அதற்காகவே ஆலோசகர்.

தொடக்க வகுப்பில் நாள் முழுதும் ஒரே ஆசிரியருடன் இருந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் ஐந்தாறு பேரைச் சந்திக்கிறது. செவ்வாயன்று கணக்கு வகுப்பில் இல்லை, வியாழனன்று அறிவியலில் இல்லை, மறுவாரம் மொழிப்பாடத்தில் தலை கவிழ்ந்து கிடக்கிறது என்பவற்றை ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே பார்க்கிறார்கள். அவற்றைக் கூட்டிப் பார்க்க ஆளில்லை. அதைச் செய்யவேண்டியவர் ஆலோசகர். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. நம் பள்ளிக்கு ஒருவர் வந்தால் அந்த எண்ணை நெருங்கிவிடலாம். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ, இவ்வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றும், நூறு பேருக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியரும் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களும் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆலோசகர் அந்தப் பட்டியலில் இல்லை.

பிரிவுக்கு 45 பேர் அமர்ந்திருக்கும் பள்ளியில் நான் இப்படிச் சொல்லமாட்டேன். அங்கே முதலில் பிரிவைப் பிரிக்க வேண்டும். மூன்றாம் வழியைத் தேர்ந்தாலும், ஆசிரியர் ஒருவர் விடுப்பு எடுக்கும் நாளில் இந்த இருவரையும் மாற்றுப் பாடவேளைக்கு அனுப்புவதில்லை என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். கால அட்டவணையில் அவர்களின் கட்டங்கள் காலியாகவே தெரியும். அவசரத்துக்கு முதலில் கை போவது அங்கேதான்.