கல்யாண வீடியோவுக்கு கலர்: பிரீமியரிலேயே முடிப்பதா, ரிசால்வுக்கு மாறுவதா?

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களிடம் மூன்று வழிகள் புழங்குகின்றன. பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் வெட்டி, அங்கேயே லூமெட்ரி என்ற கருவியில் கலர் பார்ப்பது, அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வது ஒன்று. பிரீமியரில் வெட்டி, எந்த ஷாட் எங்கே வருகிறது என்று சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்பை எடுத்து, டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு மென்பொருளில் கலர் மட்டும் செய்வது இன்னொன்று. வெட்டுவது முதல் ரெண்டர் (இறுதி வீடியோ எடுப்பது) வரை எல்லாமே ரிசால்வில் என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் வேலை பார்த்துவிட்டு நான் மூன்றாவதில் நிலைத்துவிட்டேன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

விலையில் பேச அதிகம் இல்லை. பிரீமியருக்குச் சந்தா கட்ட வேண்டும். ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவை 295 டாலருக்கு ஒருமுறை வாங்கினால் போதும். இலவசப் பதிப்பிலேயே யூஹெச்டி (4கே டிவி அளவு) வரை ரெண்டர் எடுக்கலாம், ஆனால் அதில் படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றி எடுத்த ரிசப்ஷன் ஷாட்டுகளுக்கு அது இல்லாமல் முடியாது.

ஒரே கேமராவில் எடுத்த ஒரு நிமிஷ ரீல் என்றால் லூமெட்ரியே போதும், வேலையும் சீக்கிரம் முடியும். என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: முதல் பிரதி கொடுத்த பிறகு வரும் திருத்தங்கள்.

சினிமாவில் எடிட் முடிந்து பிக்சர் லாக் ஆன, அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவான பிறகுதான் படம் கலரிஸ்ட் கைக்குப் போகும். கல்யாண வீடியோவில் பிக்சர் லாக் என்று ஒன்று கிடையாது. "பொண்ணு முகம் டல்லா இருக்கு", "பெரியம்மா ஆசீர்வாதம் பண்ற இடம் காணோமே" என்று இரண்டும் ஒரே போனில் வரும். கலரும் மாற வேண்டும், வெட்டும் மாற வேண்டும்.

இரண்டாவது வழி இங்கேதான் இடிக்கிறது. வெட்டு மாறினால் புது எக்ஸ்எம்எல் எடுக்க வேண்டும். பழைய கிரேடை (செய்துவைத்த கலர் வேலையை) ரிசால்வின் கலர்ட்ரேஸ் கருவி வைத்துப் புது டைம்லைனுக்குக் கொண்டுவரலாம், உண்மைதான். ஆனால் வேகம் மாறும் ஸ்பீடு ராம்ப், பல ஷாட்டுகளை ஒன்றாக மடிக்கும் நெஸ்ட், ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் போட்ட ஷாட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே தீர வேண்டும்.

லூமெட்ரியில் வெட்டு மாறினால் கவலையில்லை, கலர் மாறினால்தான் சிக்கல். ஒரு ஷாட்டின் லூமெட்ரியை மற்றவற்றுக்கு காப்பி செய்த நொடியிலிருந்து ஒவ்வொன்றும் தனித்தனி. திரும்ப பேஸ்ட் செய்தால் ஷாட் வாரியாகச் சரிசெய்த வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும் போய்விடும். ஷாட்டுகளுக்கு மேல் போடும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் அடியில் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றும், ஆனால் மேடை ஷாட்டும் வெளிப்புற ஷாட்டும் மாறி மாறி வரும் ஹைலைட்ஸ் வீடியோவில் அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ரிசால்வில் நான் வைத்திருக்கும் அடுக்கு இதுதான். ப்ராஜெக்ட் செட்டிங்கில் கலர் மேனேஜ்மென்ட்டை ஆன் செய்து, மீடியா பூலிலேயே சோனி கிளிப்புகளுக்கு எஸ்-லாக் 3, பானாசோனிக்குக்கு வி-லாக் என்று இன்புட்டை (கேமரா பதிவு செய்த கலர் வகையை) சொல்லிவிடுவேன். அவுட்புட் சாதாரணத் திரைகளுக்கான ரெக் 709. இரண்டு கேமராக்களும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும், லட் (தயாராகக் கிடைக்கும் கலர் மாற்றக் கோப்பு) தேடி அலைய வேண்டாம். பிறகு முகூர்த்தம், ரிசப்ஷன், வெளிப்புறம் என்று இடத்துக்கு ஒரு குரூப். ரிசால்வில் ஒவ்வொரு கலர் திருத்தமும் ஒரு நோட். ஷாட்டுக்கு ஷாட் மாறும் வெளிச்சம் கிளிப் நோடில் இருக்கும், மொத்தத் தோற்றமும் தோல் நிறத்துக்கான ஸ்கின் நோடும் குரூப் முழுக்கப் பொருந்தும் குரூப் போஸ்ட்-கிளிப்பில் இருக்கும். முகத்தைத் தூக்கச் சொன்னால் முகூர்த்தக் குரூப்பின் ஸ்கின் நோடை மட்டும் தொடுவேன். அந்த குரூப்பின் ஷாட்டுகள் எல்லாம் கூடவே மாறும், கிளிப் அளவில் செய்த வேலை அப்படியே நிற்கும். பெரியம்மா ஷாட்டை எடிட் பக்கத்தில் சொருகி, குரூப்பில் சேர்த்து, பக்கத்து ஷாட்டின் தம்ப்நெயில் மேல் மவுஸின் நடு பட்டனை அமுக்கினால் அதன் கிளிப் கிரேடும் வந்துவிடும்.

ஸ்கின் நோடில் ஓர் எச்சரிக்கை. நலங்கில் மஞ்சள் பூசிய கன்னம் வெக்டர்ஸ்கோப்பின் (நிறத்தை அளந்து காட்டும் வட்டத்தின்) ஸ்கின் லைனில், அதாவது தோல் நிறக் கோட்டில் உட்காராது. அதை இழுத்து அந்தக் கோட்டில் உட்கார வைக்காதீர்கள், மஞ்சள் போய்விட்டால் அது நலங்கே இல்லை. மஞ்சள் படாத கழுத்தையோ கையையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். எல்ஈடி விளக்கில் சிவப்புப் பட்டு ஒரே தட்டையான சிவப்பாகி ஜரிகை காணாமல் போனால், சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) குறைக்கும் முன் கேமட் மேப்பிங் என்ற எஃபெக்டில் சாச்சுரேஷன் கம்ப்ரஷனைப் போட்டுப் பாருங்கள். கேமராவிலேயே நிறம் எல்லை மீறி விவரம் அழியாமல் இருந்தால் ஜரிகைக் கோடு பெரும்பாலும் திரும்ப வரும்.

ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடும் மென்பொருள். கார்டு மெமரி குறைவான கணினியில் 4கே டைம்லைனில் அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிடும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் மெமரி நிறைந்துவிட்டது என்று நின்றுவிடும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் இதற்காகவே பிரீமியரில் இருப்பது நியாயம்தான். தனி எடிட்டர், தனி கலரிஸ்ட் என்று வேலை பிரிந்திருக்கும் இடங்களில் இரண்டாவது வழிதான் சரி. நான் சொன்ன செட்டிங் எல்லாம் ரெக் 709 டெலிவரிக்கு. வெளிச்ச வரம்பு அதிகமான ஹெச்டிஆரில் எனக்கு அனுபவம் குறைவு, அதற்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாற நினைப்பவர்கள் சீசன் நடுவில் மாறாதீர்கள். ஒரு வளைகாப்போ நிச்சயதார்த்தமோ, சின்ன வேலையாக வரும்போது முழுக்க ரிசால்வில் செய்து பாருங்கள். கீபோர்டு கஸ்டமைசேஷனில் பிரீமியர் ப்ரோ ப்ரீசெட் இருக்கிறது, அதைத் தேர்ந்துகொண்டால் வெட்டும் கை தடுமாறாது.