60 மணி நேரத்தில் எந்த ஆங்கிலம்? சேலத்துக் கல்லூரிகளுக்கான பாடத்திட்ட ஒப்பீடு

பருவத்துக்கு நான்கு கிரெடிட் கொண்ட ஓர் ஆங்கிலப் பாடத்துக்கு ஏறத்தாழ 60 வகுப்பு மணி நேரமே கிடைக்கிறது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலின் ஆறு நிலைகளுள் பி2 என்பது நான்காவது, அதாவது இடைநிலைக்குச் சற்று மேற்பட்ட திறன். அதை எட்டுவதற்குத் தொடக்கத்திலிருந்து 500 முதல் 600 மணி நேரமும், அடுத்த நிலையான சி1ஐ எட்டுவதற்கு 700 முதல் 800 மணி நேரமும் வழிகாட்டலுடன் கூடிய படிப்பு தேவை என்று கேம்பிரிட்ஜ் தேர்வுப் பிரிவு மதிப்பிடுகிறது. எனவே பி2 நிலையில் உள்ள மாணவரை ஒரே பருவத்தில் சி1க்கு ஏற்றிவிடுவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் தயங்காமல் ஒதுக்கலாம். கிடைக்கும் நேரத்தை எதில் செலவிடுவது என்பதே சேலத்துக் கல்லூரி ஒன்றின் ஆங்கிலத் துறை முடிவு செய்ய வேண்டியது.

முதல் வழி, வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பி2 பாடநூலை அலகு அலகாக நடத்துவது. ஆசிரியரின் தயாரிப்பு வேலை குறைவு. இலக்கணமும் வரிசையாக வரும். ஆனால் இந்நிலை மாணவர் நிபந்தனை வாக்கியங்களையும் செயப்பாட்டு வினையையும் பள்ளியிலேயே பலமுறை படித்தவர். விதியைச் சொல்லக் கேட்டால் பிழையின்றிச் சொல்வார். இரண்டு பத்தி தொடர்ந்து எழுதும்போதுதான் தடுமாறுவார். அதே விதியை இன்னொரு முறை விளக்குவதால் அந்தத் தடுமாற்றம் தீராது.

வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வை மையமாகக் கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் மதிப்பெண் சான்று பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படுகிறது. வெளிநாடு செல்லாதவருக்கு அதனால் பெரிய பயனில்லை. அதை விருப்பப் பயிற்சியாக மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

உயர்கல்விக்கான ஆங்கிலம் என்னும் வழி இவற்றைவிட வலுவானது. மொழியியலாளர் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும்) உள்ளன. ஆங்கிலத்தின் மிகப் பொதுவான சொற்களை விலக்கி, பல துறை நூல்களிலும் திரும்பத் திரும்ப வருபவற்றைக் கொண்டது அது. முதுகலைக்குச் செல்பவருக்கு இது நேரடியாக உதவும். மேற்கோளைத் தன் சொற்களில் எழுதுதல், சான்றுக்கு மேல் உறுதி காட்டாமல் கருத்துரைத்தல் ஆகிய பழக்கங்களும் இவ்வழியில் அமையும். பட்டத்தோடு வேலைக்குச் செல்பவருக்கோ, ஆய்வுக் கட்டுரை நடையிலேயே ஒரு பருவம் முழுவதும் கழிவது வறட்சியாகத் தோன்றும்.

அடுத்த வழி, மாணவருக்கு ஒரு பணியைக் கொடுத்து அதைச் செய்வதன் மூலமே மொழியைக் கற்கவைக்கும் செயற்பணி வழிக் கற்பித்தல். அதற்கு நம் பக்கத்திலேயே வரலாறு உண்டு. 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என். எஸ். பிரபு முன்னின்று நடத்திய பெங்களூர்த் திட்டம் பெங்களூரில் மட்டுமின்றிச் சென்னை, கடலூர்ப் பள்ளிகளிலும் நடந்தது. இலக்கண வரிசையைக் கைவிட்டு, வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொல்வதும், பொருளில் கவனம் இருக்கும்போது மொழி தானே படியும் என்று நம்புவதும் அதன் அடிப்படை. குழுப் பணியே அதன் உயிர் என்று நினைப்பவர்கள் பலர். பிரபுவோ, மாணவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டால் பிழையான வடிவங்கள் பரவி நிலைத்துவிடும் என்று கருதி, ஆசிரியர் முழு வகுப்போடும் உரையாடும் முறையையே விரும்பினார். அறுபது பேர் அமர்ந்திருக்கும் நம் வகுப்பறைகளுக்கு இது ஆறுதலான செய்தி.

பிரபுவின் மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் பி2க்குச் செயற்பணி கனமாக இருக்க வேண்டும். ஏற்காட்டில் காப்பிச் செடிகளுக்கு மேல் நிழல்மரங்களை எந்த அளவுக்கு வைத்திருப்பது, சுற்றுலா விடுதிகளுக்கு எவ்வளவு நிலத்தை விடுவது என்பது பற்றி முரண்பட்ட மூன்று ஆங்கில ஆவணங்களைப் படித்து, மாவட்ட நிர்வாகத்துக்கு இரண்டு பக்கப் பரிந்துரை எழுதச் சொல்லலாம். சேலத்து ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீரை மையமாக வைத்தும் இதே போன்ற பணி அமைக்கலாம். பணியைத் திட்டமிடும்போது தமிழ் வந்தால் தடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்தும் முன்வைப்பும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

என் தேர்வு, செயற்பணியை முதுகெலும்பாக்கி, உயர்கல்வி ஆங்கிலத்திலிருந்து எழுத்துப் பயிற்சியைக் கடன் வாங்குவது: 60இல் 40 மணி நேரம் நான்கு பெரிய பணிகளுக்கு, 15 திருத்தி எழுதுவதற்கு, எஞ்சிய 5 மாணவர்களுடைய கட்டுரைகளிலேயே கண்ட இலக்கணப் பிழைகளுக்கு. தமிழில் நேர் இணை இல்லாத ‘எ’ (a), ‘தி’ (the) ஆகிய சொற்களின் பயன்பாடு அந்தப் பிழைகளில் முதலில் நிற்கும்.

தடை தேர்வு முறையில் இருக்கிறது. அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்னும் பழகிய பங்கீட்டில், மனப்பாடத்தால் விடையளிக்கக்கூடிய வினாத்தாள் தொடர்ந்தால், மாணவர்கள் பணிகளை விட்டுவிட்டு வழிகாட்டி நூலைத்தான் தேடுவார்கள். ஆகவே பாடத்திட்டக் குழு முதல் கூட்டத்திலேயே, வகுப்பில் காணாத ஆவணம் ஒன்றைத் தந்து பரிந்துரை எழுதச் சொல்லும் மாதிரி வினாத்தாளை முடிவு செய்துவிட்டு, அதன்பிறகு பாட அலகுகளுக்கு வருவது நல்லது.