பிடிஎப்பா, செயலியா, இணையத்தளமா? திருகோணமலைப் பிள்ளைகளின் போனுக்குப் பாடம் கொண்டுபோகும் வழிகள்

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பாடசாலையோ ரியூஷன் நிலையமோ தன் பாடங்களை இணையத்தில் போட நினைத்தால், "ஆப் செய்வமா, வெப்சைட் செய்வமா" என்றுதான் பேச்சுத் தொடங்குகிறது. இரண்டுக்கும் முன்னாலேயே மூன்றாவது வழி ஒன்று எல்லா ஊரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது: வட்ஸ்அப் குழுவில் பிடிஎப் போடுவது. இந்த மூன்றையும், பேச்சில் அதிகம் அடிபடாத வேறு சிலவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். வெருகலிலோ குச்சவெளியிலோ புல்மோட்டையிலோ இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் திறக்கிறதா, திறந்தால் வாசிக்க முடிகிறதா?

அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் போனை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அது பிள்ளையின் போன் அல்ல, வீட்டுப் போன். தகப்பன் கடலுக்கோ வயலுக்கோ போனால் போனும் கூடவே போய்விடும். பின்னேரம் திரும்பி வந்த பிறகு அக்காவுக்கு உயர்தரம், தம்பிக்குப் புலமைப்பரிசில் என்று அது கைமாறும். படங்களும் வட்ஸ்அப் வீடியோக்களும் நிறைந்து நினைவகத்தில் இடம் இருக்காது. டேட்டா, கையில் காசு இருக்கும்போது ரீலோட் போட்டு வாங்கியது. இந்த நிலைமைக்குப் பொருந்தாத எதுவும், டவுனில் புரொஜெக்டரில் காட்டும்போது எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்குச் சரியான தெரிவு இல்லை.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் எழுத்தில், இலேசான ஓர் இணையத்தளம். ஒருமுறை திறந்த பாடம் போனிலேயே தங்கிவிட வேண்டும். வட்ஸ்அப் அதன் இணைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். செயலி கடைசி.

பிடிஎப் வென்றதற்கும் தோற்பதற்கும் காரணம்

வட்ஸ்அப்பில் வரும் பிடிஎப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அது போனில் தங்கும். டேட்டா முடிந்த பிறகும் திறக்கும். பிள்ளை தன் கூட்டாளிக்கு அனுப்பலாம், போட்டோகொப்பிக் கடையில் கொடுத்துத் தாளாக எடுக்கலாம். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம் என்பதால் ஒரு வலயத்தின் ஒரு வகுப்புப் பிள்ளைகள் கணிசமானோரை ஒரே குழுவில் அடக்கிவிடலாம். ஆசிரியருக்குப் புதிதாக எதையும் கற்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் பிடிஎப் தாளுக்காகப் பிறந்தது. ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். போனின் திரை அகலம் கிட்டத்தட்ட 7 சென்ரிமீற்றர். பக்கம் முழுவதும் திரைக்குள் அடங்கும்போது எல்லாம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடும். அந்த அளவில் 'ண'வையும் 'ன'வையும் பிரித்தறிவதே கஷ்டம். விரலால் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமிருந்து வலமாகத் தள்ளிப் போய், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் திரும்ப வர வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் இப்படி இரண்டு பக்கம் போனாலே பிள்ளை விட்டுவிடும். அது பிள்ளையின் சோம்பல் அல்ல.

இன்னும் பெரிய சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. நம் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்த குறிப்புகளில் பெரும்பகுதி பாமினியில் உள்ளது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கருவியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் தெரியும். பிடிஎப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் அல்ல. "ஒளித்தொகுப்பு" என்று தேடினால் கிடைக்காது. நகலெடுத்தால் குப்பை வரும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது. கூகுளுக்கும் அது தமிழ்ப் பாடம் என்று தெரியாது. கடந்தகால வினாத்தாளைப் படம் பிடித்துப் போடும் பிடிஎப்பிலும் இதே கதிதான்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்திலேயே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் இருந்து ஒற்றுப் பிழைகளையும், கணிதக் குறியீடுகள் எழுத்தாக மாறியிருக்கும் இடங்களையும் திருத்த வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை முதலில் இங்கே செலவழியுங்கள் என்பேன். யூனிகோடில் ஒருமுறை வந்துவிட்ட பாடத்தை நாளைக்கு எந்த வடிவத்துக்கும் கொண்டுபோகலாம்.

செயலி எதைத் தரும், எதைக் கேட்கும்

செயலியின் பக்கம் நியாயம் உண்டு. இணைப்பு இல்லாமல் ஓடும், நினைவூட்டல் அனுப்பும், முகப்புத் திரையில் ஒரு சின்னமாக எப்போதும் கண்ணில் படும். ஆங்கில உச்சரிப்பைப் பதிவுசெய்து கேட்க, விளையாட்டாக எண் கற்க என்று சிறு பிள்ளைகளுக்குச் செய்யும் சில வேலைகளில் அது நன்றாகப் பொருந்தும்.

கேட்பதைப் பார்ப்போம். நினைவகம் நிறைந்த போனில் புதிய செயலியை ஏற்ற எதையாவது அழிக்க வேண்டும்; வீட்டுப் போனில் அழிப்பது யாருடைய படத்தை? ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று இரண்டு வெளியீடு. கூகுள் பிளேயில் பதிவுசெய்ய ஒருமுறை 25 டொலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டொலர். இந்தக் காசைவிடப் பாரமானது, தொடர்ந்து பராமரிக்கும் ஆள். ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கேற்ப செயலியைப் புதுப்பிக்காவிட்டால் கூகுள் பிளே புதிய போன்களுக்கு அதைக் காட்டாமலே விட்டுவிடும். ஏதோ ஒரு திட்ட நிதியில் செயலி செய்து, திறப்பு விழா வைத்து, செய்து கொடுத்தவர் வேறு வேலைக்குப் போனபின் தொட ஆளில்லாமல் கிடப்பது நடக்கக்கூடிய ஒன்று. பாடத்திட்டம் மாறினால் அந்தச் செயலிக்குள் இருக்கும் பாடத்தை ஆசிரியரால் திருத்தவும் முடியாது.

இணையத்தளம், ஆனால் எப்படிப்பட்டது?

2010இல் ஈதன் மார்க்கோட் என்ற வடிவமைப்பாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: கணினிக்கு ஒரு தளம், கைபேசிக்கு இன்னொரு தளம் என்று இரண்டு வேண்டாம், ஒரே பக்கம் திரையின் அகலத்தைப் பார்த்துத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும். இன்று அது வழமையாகிவிட்டது. கைபேசிக்கென்று தனித்தளம் வைத்தால் ஒன்றில் திருத்திய விடை மற்றதில் திருத்தப்படாமல் கிடக்கும். அதனால் அந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

திரைக்கேற்ப மடங்கும் தளத்தில் 1500 சொல் கொண்ட ஒரு தமிழ்ப் பாடம் எவ்வளவு பாரம்? யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். அப்படியிருந்தும் முழுப் பாடமும் 40 கேபிக்குள் நின்றுவிடும். சுருக்கி அனுப்பினால் அதன் பாரம் பாதிகூட இருக்காது. அதே பாடத்தை ஸ்கான் செய்த பிடிஎப்பாக அனுப்பினால் சில எம்பி ஆகிவிடும். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

சரி, டேட்டாவே இல்லாத நேரத்தில்? இங்கேதான் சாதாரண இணையத்தளம் பிடிஎப்பிடம் தோற்றுவந்தது. 2015இலிருந்து அதற்கும் வழி இருக்கிறது. தளத்தின் பின்னணியில் ஒரு சிறு நிரல் பாடங்களைப் போனிலேயே சேமித்து, இணைப்பு இல்லாதபோது அங்கிருந்து எடுத்துக் காட்டும். முகப்புத் திரையில் சின்னமாகவும் வைக்கலாம். பிளே ஸ்டோர் தேவையில்லை. வகுப்பில் ஆசிரியரின் ஹொட்ஸ்பொட்டில் ஒருதரம் திறந்துவிட்டால், மூதூருக்குத் திரும்பும் பஸ்ஸில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் பாடம் கையில் இருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். போனில் தங்கியிருக்கும் பாடம் எவ்வளவு பெறுமதியானது என்று புரியும்.

ஒரு குறை உண்டு. ஐபோனின் சபாரி உலாவி, சில நாள் திறக்காமல் விட்ட தளத்தின் சேமிப்பை அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்தால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. நம் பக்கத்தில் அதிகம் புழங்குவது ஆண்ட்ராய்ட் என்பதால் இதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

தளம் செய்பவரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து செய்த பொத்தானில் "கடந்தகால வினாத்தாள்கள்" என்று போட்டால் பாதி வெட்டுப்படும். ஆகவே பொத்தான் சொல்லோடு வளர வேண்டும். தமிழ் எழுத்தில் கீழே இறங்கும் 'று', 'ளு' எல்லாம் உண்டு என்பதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். கணிதச் சமன்பாட்டைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பிலிருந்து குரோம் உலாவியே சமன்பாட்டை நேரடியாகக் காட்டுகிறது. அப்புறம், பாடம் வாசிக்கக் கடவுச்சொல் கேட்கவே வேண்டாம். அக்காவும் தம்பியும் மாறி மாறி எடுக்கும் போனில் கணக்கும் கடவுச்சொல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு தடை.

மற்றவை

மூடில் போன்ற கற்றல் முகாமைத் தளம் பல்கலைக்கழகத்துக்குச் சரி. ஒப்படை, புள்ளி, கலந்துரையாடல் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். அதன் கைபேசிச் செயலியில் பாடத்தை இறக்கி வைக்கவும் முடியும். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் போன்ற இடத்தில் அதைப் பராமரிக்க ஆள் இருப்பார்கள். ஒரு கிராமத்துப் பாடசாலைக்கு அது அளவுக்கு மீறிய பாரம்.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் பாடங்கள் இருக்கின்றன. பாடநூல்களை கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பிடிஎப்பாக எடுக்கலாம். நம் தளத்தில் அவற்றுக்கு இணைப்புக் கொடுத்தால் போதும்.

சிக்னலே ஒழுங்காக இல்லாத ஊர்களுக்கு நான் மிகவும் விரும்பும் தெரிவு கொலிப்ரி. இலவச மென்பொருள். ஒரு பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியிலோ ஏற்றிப் பாடசாலையிலோ நூலகத்திலோ வைத்தால், இணையமே இல்லாமல் உள்ளூர் வைபையில் பிள்ளைகளின் போன்களுக்குப் பாடம் போகும். ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் பாடங்களையும் அதில் ஏற்றலாம். ஆனால் கருவி இருக்கும் இடத்துக்குப் பிள்ளை வர வேண்டும். ஆகவே இது இணையத்தளத்துக்குத் துணையாக நிற்கும், அதன் இடத்தைப் பிடிக்காது.

வீடியோ பற்றியும் கொஞ்சம். விநாடிக்கு 700 கிலோபிட் வேகத்தில் ஓடும் 10 நிமிட வீடியோ 50 எம்பிக்கு மேல் தின்னும். அதே விளக்கத்தை 32 கிலோபிட் ஒலிப்பதிவாகத் தந்தால் 2.4 எம்பி. பௌதிகப் பரிசோதனைக்கு வீடியோதான் வேண்டும். தமிழ் இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் ஆசிரியரின் குரலும் பக்கத்தில் எழுத்தும் போதும்.

விண்ணப்பப் படிவங்கள்

பரீட்சை முடிந்தபின் அதே போனில்தான் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் நிரப்பப்படுகிறது. தனியார் பரீட்சார்த்திகளின் விண்ணப்பமும் இணையவழிதான். இங்கே செயலியா தளமா என்பதைவிடப் படிவம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே முக்கியம். பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. புதியதில் 12 இலக்கங்கள் மட்டும். புதியதை மட்டும் நினைத்து இலக்க விசைப்பலகையைக் காட்டும் படிவத்தில், பழைய அட்டை வைத்திருக்கும் தாய் தகப்பன் தங்கள் இலக்கத்தை அடிக்கவே முடியாது. பாதியில் இணைப்பு அறுந்தால் நிரப்பியது எல்லாம் அழிந்துபோகும் படிவம், ஒரு பின்னேரத்தையும் ஒரு டேட்டா பெக்கேஜையும் சேர்த்து விழுங்கும். ஒவ்வொரு பக்கமும் தானாகச் சேமிக்கப்பட வேண்டும். சான்றிதழைப் படம் பிடித்து ஏற்றும்போது போனே அதன் அளவைக் குறைத்து அனுப்ப வேண்டும்.

முடிவு திகதி, பரீட்சை நிலையம் போன்ற அறிவித்தல்களுக்குக் குறுஞ்செய்தி இன்னும் நல்ல வழி. சாதாரணப் பட்டன் போனுக்கும் அது போகும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடமிருந்தால் தமிழில் 70 குறிகள்தான். அதிலும் கொம்பும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும். "திருகோணமலை" என்ற ஒரு சொல்லே 10 எடுத்துவிடும். ஆகவே வணக்கமும் முகவுரையும் இல்லாமல் திகதி, நேரம், இடம் மூன்றையும் மட்டும் எழுதி அனுப்பினால் ஒரே செய்தியில் அடங்கும்.